பதிமூன்றாம் மாதம்

'நிறம்' என்ற கட்டத்தில் 'வரக்காப்பி' என்று இருந்தது.

சுகன்யா மேரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆறு வருடமாக அமெரிக்காக்காரர்களின் மூத்திர ரிப்போர்ட்டைப் படிப்பதுதான் அவள் பிழைப்பு. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு டெஸ்ட் எடுத்தால் அந்தச் சார்ட் இங்கே பெரம்பலூர் துறைமங்கலத்தில் அவள் வீட்டு லேப்டாப்புக்கு வரும். என்ன நோய், என்ன டெஸ்ட் என்று படித்து, அதற்குரிய எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். எண் விழுந்தால்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் அந்த டெஸ்ட் நடந்ததாகவே ஒப்புக்கொள்வான். மூத்திரத்தில் டெஸ்ட் பட்டையை முக்கிப் பார்த்தால் 81002. காமாலை என்றால் ஆர் பதினேழு. நிறம் என்ற இடத்தில் மஞ்சள், கருமஞ்சள், மிஞ்சிப்போனால் டீ நிறம் என்று எழுதுவார்கள். வரக்காப்பி என்று, அதுவும் ஆங்கில எழுத்தில் அச்சு மாறாமல், எந்த வெள்ளைக்காரன் எழுதுவான்?

"நம்மூரு ஆளு எவனோ அந்த லேப்ல பூந்துருக்கான்" என்று அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

டிசம்பர் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, சாயங்காலம் நாலு மணி. வாசலில் அவள் புருஷன் ஜான் பீட்டர் ஸ்டூல் மேல் ஏறி நின்று கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தான். எறையூர் மில்லுக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் ரோட்டை அதிர வைத்துக்கொண்டு போயின. சார்ட்டில் தேதி 09/12 என்று இருந்தது. அமெரிக்காக்காரன் மாதத்தை முன்னால் எழுதுவான், நாளைப் பின்னால் எழுதுவான். ஆக, செப்டம்பர் பன்னிரண்டு. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். சுகன்யாவுக்கோ பால் பாக்கெட் தேதியைக்கூட இப்போதெல்லாம் தலைகீழாகத்தான் படிக்க வருகிறது.

முப்பத்தாறு வயது ஆண். பெயர் மறைக்கப்பட்டிருந்தது. மூத்திரத்தில் பிலிருபின் இருக்கிறது, அதாவது ஈரலில் கோளாறு. எண்ணைப் போட்டாள், அனுப்பினாள்.

"மேரி, நேரா இருக்கா பாரு" என்றான் பீட்டர் வாசலிலிருந்து.

தாய்க்கு, ஆபீசுக்கு, சர்ச்சுக்கு, ஊர் உலகத்துக்கெல்லாம் அவள் சுகன்யா. அவனுக்கு மட்டும் மேரி. தன் கல்யாண மோதிரத்தில்கூட 'மேரி' என்றுதான் வெட்டச் சொன்னான். "சுகன்யான்னு வெட்டுனா மோதிரம் பத்தாதுடி" என்று சாக்கு வேறு.

செவ்வாய்க்கிழமை அதே நாலு மணிக்கு அதே ஆளின் சார்ட் வந்தது. 10/12. 'மாதிரி கொண்டுவந்த பாத்திரம்: ஊறுகாய் பாட்டில், பச்சை மூடி.' மாதாமாதம் பன்னிரண்டாம் தேதி டெஸ்ட்டுக்குப் போகிறான் போல, பாவம், என்று எண்ணைப் போட்டாள்.

புதன்கிழமை, 11/12. 'மாமியார் சோற்றுப் பருக்கையைப் போட்டுப் பார்த்தார். மஞ்சளானது.'

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காமாலை என்று சந்தேகம் வந்தால் மூத்திரத்தில் நாலு பருக்கை வெள்ளைச்சோற்றைப் போட்டுப் பார்ப்பது அவள் பிறந்த ஏலாக்குறிச்சிப் பக்கத்து வைத்தியம். டாக்டருக்கே தெரியாத சமாச்சாரம் அமெரிக்க லேபுக்கு எப்படிப் போனது? ஆனாலும் அன்றைக்கு முடிக்க இன்னும் நாற்பது சார்ட் பாக்கி இருந்தது. எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துப் பிற்பாடு அவள் எத்தனையோ முறை தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

வியாழக்கிழமை, 12/12. 'நினைவு தப்பிய நிலை. மேரி, மேரி என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.'

அவள் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகியது. டிசம்பர் பன்னிரண்டு இன்னும் வரவே இல்லையே. சார்ட்டை அனுப்பாமல் ஹோல்டில் போட்டுவிட்டு, திருச்சி ஆபீசில் இருக்கும் டீம் லீடர் ஜெயசீலனுக்கு போன் போட்டாள்.

"டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும் சுகன்யா. குளோஸ் பண்ணி உடும்மா. ஒனக்கு எப்பவும் எதுலயாச்சும் ஒரு நொட்டை."

"வராத தேதிக்கு நான் எண் போட மாட்டேன் சார். நீங்க வேணா போட்டுக்கங்க."

"ஒன்னோட மல்லுக்கட்ட முடியாதும்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் லேப்டாப் முன்னால் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழைக்கு மூட்டம் போட்டு வெளிச்சம் பழுத்துக் கிடந்தது. மில் பக்கத்திலிருந்து பாகு காய்ச்சும் வாடை வீட்டுக்குள் அப்பிக்கொண்டிருந்தது. கொல்லையில் கழிவறையின் தகரக்கதவு காற்றுக்கு ஒருமுறை முனகி, நின்று, யோசித்துவிட்டு மறுபடி முனகுவதுபோல் முனகியது. அந்த நேரத்தில் திரையில் அந்தச் சார்ட் வந்து நின்றது. 'மாதிரி இல்லை. நோயாளி இறந்துவிட்டார்.' மேலே தேதி: 13/12.

பதிமூன்றாம் மாதம் பன்னிரண்டாம் தேதி. அந்தோணியாரே, அது எந்த ஊர்க் காலண்டர்?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதை எழுதியவன் நம்மைப்போல எழுதியிருக்கிறான். நாள் முன்னால். மாதம் பின்னால். ஒன்பதாம் தேதி, டிசம்பர். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று. அத்தனையும் வரப்போகிற நாட்கள். பீட்டருக்கு வயது முப்பத்தாறு.

டிரெயினிங்கில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த வேதவாக்கு ஒன்று உண்டு: எழுதாதது நடக்காதது. அவள் மூன்றை எழுதி அனுப்பிவிட்டாள். இரண்டு இன்னும் அவள் கையில் இருக்கிறது.

"போடா" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். அடுப்படிக்குப் போய், பரணில் இருந்த பச்சைமூடி ஊறுகாய் பாட்டில் இரண்டையும் எடுத்துக் குப்பைவண்டியில் போட்டுவிட்டு வந்தாள். சனிக்கிழமை பீட்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டெஸ்ட் எடுத்தாள். அவன் தனியார் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். காலையில் அஞ்சு கிலோமீட்டர் ஓடுகிறவன். எல்லாம் நார்மல் என்று வந்தது.

"ஒனக்கு என்னடி ஆச்சு? எருமை மாதிரி இருக்கேன் நான்" என்று அவன் சிரித்தான். காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். நோயே இல்லாமல் அவளுக்கு அப்படி ஆகிவிட்டது. பல்பு வெளிச்சம், சாம்பார், சாமந்திப்பூ, அவன் விழியோரம், எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப உற்றுப் பார்த்தாள்.

ஒன்பதாம் தேதி காலையில் கொல்லைக் கழிவறைக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"மேரி... கலரு ஒரு மாதிரியா இருக்குடி. வந்து பாரேன்."

அவள் போகவில்லை. அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன கலரு?"

"வரக்காப்பி மாதிரி."

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தண்ணீரில் வந்திருக்கும் என்றார் டாக்டர். ஈரல் கணக்கெல்லாம் ஏறிக்கொண்டே போகிறது, வெள்ளிக்கிழமைக்குள் இறங்காவிட்டால் திருச்சிக்குக் கொண்டுபோங்கள் என்றார். பீட்டரின் கண் மஞ்சளாயிற்று, பிறகு நகம், பிறகு உள்ளங்கை. புதன்கிழமை ஏலாக்குறிச்சியிலிருந்து அவள் அம்மா அற்புதம்மாள் மாப்பிள்ளைக்கென்று நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்து இறங்கினாள். பாட்டிலுக்குப் பச்சை மூடி. சுகன்யா மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள், நர்ஸ் மூத்திர மாதிரி கேட்டாள் என்று, ஊறுகாயை இலையில் கொட்டிவிட்டு அந்தப் பாட்டிலைக் கழுவிக் கொடுத்திருந்தாள் அம்மா.

வியாழக்கிழமை காலையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்த அம்மா, கட்டிலுக்கடியில் இருந்த பாட்டிலைப் பார்த்து நாலு பருக்கையை எடுத்தாள்.

"யம்மா, போடாத! போடாதன்னு சொல்றேன்ல!"

"பாத்துட்டா மனசு தெளிஞ்சுரும்ல பாப்பா" என்று அம்மா போட்டேவிட்டாள். பருக்கைகள் அடியில் போய் உட்கார்ந்தன. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாயின.

மத்தியானம் ஜெயசீலன் கூப்பிட்டார். "சுகன்யா, லீவுன்னு தெரியும், தப்பா எடுத்துக்காத. ஒன் ஹோல்டுல ரெண்டு சார்ட் கெடக்கு. இன்னைக்கு நாலு மணியோட டைம் முடியுது. அது தானா மேகலாவுக்குப் போயிரும்."

மேகலா பக்கத்து டீம்காரி. நல்ல பெண், ஆனால் ஒரு நாளைக்கு இருநூறு சார்ட் முடிக்கிறவள். படிக்கவே மாட்டாள், எண்ணைப் போட்டுக்கொண்டே போவாள்.

சுகன்யா அம்மாவைக் காவலுக்கு வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். மணி மூன்றரை. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் பாகு வாடை புளித்துப்போய் நின்றது. லேப்டாப்பைத் திறந்தாள். சார்ட்டில் புரியாதது இருந்தால் அனுப்பிய இடத்துக்கே கேள்வி போடலாம். பதில் வர இரண்டு நாள் ஆகும். போட்டுப் பார்த்துவிடுவோம் என்று தட்டினாள்.

'தேதி தவறு. பதிமூன்றாம் மாதம் கிடையாது.'

விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. 'தேதி சரி.'

'நோயாளி யார்?'

'உங்களுக்குத் தெரியும்.'

முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. கொல்லையில் தகரக்கதவு முனகியது. இன்றைக்குக் காற்றே இல்லை.

'இதற்கு நான் எண் போட மாட்டேன்.'

'நான்கு மணிக்கு வேறொருவர் போடுவார்.'

பயம் போன இடம் தெரியவில்லை. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "எவன்டா நீ? எம் புருஷன எழுதிக் கொண்டுபோக நீ எவன்டா? நான் போட்ட எண்ணு, நான் போட்ட மூணு எண்ணு, அதுல ஏறித்தான வந்த? இரு, ஒன்னைய அதுலயே ஏத்தி அனுப்புறேன்" என்று காலி வீட்டில் உரக்கக் கத்தினாள். அவன் விடாக்கண்டன் என்றால் இவள் கொடாக்கண்டி.

சார்ட்டைத் திருப்பி அனுப்ப ஏழெட்டுக் காரணங்கள் பட்டியலில் உண்டு. அதில் 'தவறான நோயாளி' என்பதை அழுத்தினாள். இதுவரை அவள் பார்த்தறியாத ஒரு கட்டம் திறந்தது. 'சரியான நோயாளி யார்?'

யோசிக்கவே இல்லை. 'அனுப்பியவரே' என்று அடித்தாள்.

அடுத்த கட்டம்: 'மாதிரியைப் பெற்றுக்கொள்பவர்.' ஆபீஸ் படிவங்களில் பெயர் கேட்டாலே பழக்கத்தில் அவள் விரல் தானாக அடிக்கும். அடித்தது: சுகன்யா. மணி மூன்று ஐம்பத்தெட்டு. அனுப்பினாள்.

திரை ஒரு கணம் வெறுமையாக நின்றது. பிறகு ஒரே வரி வந்தது. 'மாற்றம் ஏற்கப்பட்டது. நோயாளியின் இடத்துக்கு அனுப்பியவர் வருகிறார்.'

"வாடா. வந்து படு" என்றாள் சுகன்யா. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பீட்டரின் மூத்திரம் இளநீர் மாதிரி இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகக் கண் வெளுத்துவிட்டது. ஈரல் கணக்கெல்லாம் மளமளவென்று இறங்க, டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். "இப்படி நான் பாத்ததில்லம்மா. லேப்ல மறுபடி பாக்கச் சொல்லியும் அதேதான் வருது. நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க, ரெஸ்ட் எடுக்கட்டும்." அற்புதம்மாள் அடைக்கல மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள்.

சனிக்கிழமை, பதிமூன்றாம் தேதி, அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அணைந்து கிடந்த ஸ்டாரைப் போட்டுவிட்டாள். ரசம் வைத்தாள், துவையல் அரைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்ற திமிர் அவள் நடையிலேயே தெரிந்தது. அவன் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

"மோதிரம் எங்கங்க?" என்றாள் தட்டை எடுக்கும்போது.

"வெரலு வீங்கிப்போயிருந்துச்சுல்ல, நர்ஸ் கழட்டுனாங்க. தருவாங்க சுகன்யா."

அலைச்சலில் இருந்தவளுக்கு அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. தட்டைக் கழுவக் கொல்லைப் பக்கம் போனாள்.

மணி நாலு. மழை விட்டு வெயில் அடித்தது. பேய் பிசாசெல்லாம் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னானோ, அவன் வாயில் மண்ணைப் போட வேண்டும். முருங்கை மரத்தில் காக்காய் உட்கார்ந்திருந்தது, ரோட்டில் டிராக்டர் போனது, துணி காய்ந்தது, சகலமும் நிஜமாக இருந்த அந்த வெளிச்சத்தில்தான் கழிவறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மெல்லியதாக. ஒரு பாட்டிலுக்குள் சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம். நின்று, சிரமப்பட்டு, மறுபடி சொட்டியது.

தகரக்கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருந்தது.

"மேரி... கலரு ஒரு மாதிரியா இருக்குடி. வந்து பாரேன்."

தட்டு கையிலிருந்து நழுவித் துவைகல்லில் மோதியது. அவள் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். கூடத்தில் டிவி ஓடியது. நாற்காலிக்கு வெளியே நீட்டிய அவன் கால் தெரிந்தது, பாதம் ஆடிக்கொண்டிருந்தது.

குனிந்து அரிவாள்மணையை எடுத்துக்கொண்டாள். வந்துவிட்டாயா? பெற்றுக்கொள்பவள் நான்தானே. வா.

"டேய், யார்ட்ட வேலையக் காட்டுற? அவரு கொரல்ல பேசுனா நான் தொறந்துருவனா? படுறா அங்கயே. ஒன் நோவு ஒனக்கு."

உள்ளேயிருந்து அழுகை வந்தது. தன் அப்பா செத்தபோதுகூட வாயைப் பொத்திக்கொண்டு அழுத ஒருவனின் அழுகை.

"நான்தான்டி. ஆஸ்பத்திரில படுத்துருந்தேன்... கண்ண முழிச்சா இங்க கெடக்கேன். ரெண்டு நாளா கூப்புடுறேன். ஒனக்குக் கேக்கலையா? இருட்டா இருக்கு மேரி."

"சுகன்யா" என்றது கூடம். "யார்ட்ட பேசுற?"

அவள் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

சுகன்யா.

தருவாங்க சுகன்யா. மத்தியானமும் அதுதான். தண்ணி குடு சுகன்யா. ஆட்டோவில் வரும்போதும். நேற்று வார்டில் கண் விழித்ததும். ஒருமுறைகூட மேரி இல்லை. ஒரே ஒருமுறைகூட.

நோயாளியின் இடத்துக்கு அனுப்பியவர் வருகிறார்.

இடத்துக்கு. கட்டிலுக்கு. நாற்காலிக்கு. அவள் வைத்த ரசத்துக்கு.

வந்தேவிட்டார்.

டிவி நின்றது. நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. வெறுங்கால் சிமெண்டுத் தரையில் அவசரமே இல்லாமல் வந்தது.

"அதத் தொறக்காத, சுகன்யா. முடிஞ்சு போனதும்மா அது. தேதி இன்னைக்குத்தான்."

கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் மாட்டேன் என்று ஒன்று அவளுக்குள் எழுந்து நின்றது. சின்ன வயசிலிருந்து அவளை எல்லாரிடமும் அடி வாங்க வைத்த அந்த மாட்டேன்.

"நான் எழுதல" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் எழுதாதது நடக்காது."

தாழ்ப்பாளை இழுத்தாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே வெளிச்சமே போகவில்லை. இருட்டிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. பச்சைமூடி பாட்டிலைப் பிடித்திருந்தது. பாட்டில் நிறைய வரக்காப்பிக் கருப்பு, அடியில் நாலு மஞ்சள் பருக்கைகள். நகம் மஞ்சள், தோல் மஞ்சள், எலும்பு தெரிய வற்றிய விரல். அந்த விரலில் கழன்றுவிடுகிற மாதிரி தொங்கிய மோதிரத்தில் வெயில் பட்டு எழுத்து தெரிந்தது. மேரி.

பாட்டில் விழுந்து உடைந்தது. அரிவாள்மணையையும் போட்டுவிட்டு அவள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கொதித்தது. அவளை இறுகப் பற்றியது.

கழுத்துக்குப் பின்னால் பாகு வாடையோடு மூச்சு விழுந்தது. அவள் விடவில்லை. அவள் தோளுக்கு மேலாக இன்னொரு கை, மோதிரம் இல்லாத, ஒரு பொட்டு மஞ்சள்கூட இல்லாத, அவள் புருஷனின் கை நிதானமாக நீண்டு, தகரக்கதவில் உள்ளங்கையை வைத்து, அந்த மஞ்சள் மணிக்கட்டின் மேல் மெல்ல மெல்லச் சாத்தத் தொடங்கியது.